உடன்பிறந்தானைத் தேடும் பெண்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளிப்பார் நம் ஆசிரியருள் பலர். பூதம் பிள்ளையைக் கவர்ந்துசெல்லும் இருண்ட கதை அதில் வருமாயின் அவர் வெறுப்பு இருமடங்காகும். அத்தகைய கதை இளநெஞ்சைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. அக்கட்சி எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டில் இரண்டு விளையாட்டுக்கள் வெளிவந்தன. ஒன்று, இந்தியாவின் புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய 'ராஜி'. மற்றையது, பிரித்தானியரான பொலிகன் ட்ரீஹவுஸ் குழுவினர் ஸ்கந்திநேவிய நாட்டார் கதைகளைத் தழுவி ஆக்கிய 'ரோக்கி'. அசுரர் கவர்ந்த தம்பி கோலுவைத் தேடிச் செல்கிறாள் ராஜி. பூதம் கொண்டுபோன தம்பி லார்ஸைத் தேடிப் பனிக்காட்டில் அலைகிறாள் தோவே. ஒருவர் நூலை மற்றவர் பார்த்து எழுதியதன்று. எனினும் கரு ஒன்றே. அவ்வாண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விருதுக்குச் சிறந்த முதற்படைப்பு என்னும் பிரிவில் இரண்டும் ஒருங்கே முன்மொழியப்பட்டன. பரிசு பெற்றதோ பேய் தேடும் விளையாட்டாகிய 'பாஸ்மோபோபியா'.

இவற்றை ஆடியோர் கூறியவை யாவை? 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று தோல்வியுற்ற பின்னரும் தளராது உழைத்த ராஜி குழுவினரைப் பலரும் பாராட்டினர். இராசபுதனத்து மாளிகைகளும், பாவைக்கூத்து முறையில் கதை சொல்லிய திறமும் போற்றப்பட்டன. குறை கூறினோர் கதை இருண்டது என்று கூறினாரல்லர். அது குறுகியது, முடிவு திடுமென நேர்ந்தது என்றே கூறினர். ரோக்கியில் போர் இல்லை, புதிர்களே உள. தாயை இழந்த ஒரு வீட்டின் துயரமே அதன் உள்ளுறை. அத்துயரம் தம் நெஞ்சைத் தொட்டதென்றனர் ஆடியோர். நடை மந்தம் என்று சலித்தவரும் உளர்.

ஆகவே மக்கள் மனம் ஏற்க மறுத்தது அச்சத்தையன்று. அச்சம் உரிய இடத்திற் சென்று முடியாமையையே. இது நமக்குப் புதுமையன்று. எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சத்துக்கும் அழுகைக்கும் இடம் அளித்தவர் தொல்காப்பியர். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அவர் வகுத்த நான்கனுள் அணங்கும் கள்வரும் அடங்குவர். பிள்ளையைக் கவரும் பூதம் இவ்விரண்டுமாய் நிற்றல் காண்க.

இனி நம் மலையகத்தை நோக்குவோம். நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த இரத்தோட்டை முதலிய ஊர்களின் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தபோது, கையிற் கொண்டுவந்தது சிறிது. நெஞ்சிற் கொண்டுவந்தது பெரிது. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன மலையகத்தின் சொத்து. பொன்னர் சங்கர் கதையின் இறுதி யாது? மாண்ட தமையன்மாரைப் படுகளத்தில் தேடி வருகிறாள் தங்கை அருக்காணி. தெய்வத்தின் அருளால் அவர் சிறிது பொழுது உயிர்த்தெழுந்து அவளோடு பேசி மீண்டும் மாய்கின்றனர். ராஜியினும் ரோக்கியினும் இருண்டது இக்கதை. இதனைச் சிறுவரும் முதியோரும் ஒருங்கிருந்து கண்டனர். கண்டவர் கெட்டாரல்லர், ஏனெனில் அங்கே அழுகைக்கு ஓர் எல்லை உண்டு. உடன் அழுவதற்கு ஊரும் உண்டு.

கைத்தொலைபேசியோடு தனித்திருக்கும் மாணவனுக்கு அவ்வூர் இல்லை. கவலைப்பட வேண்டுவது இதற்கே. விளையாட்டைப் பறிப்பதனால் இக்குறை தீராது. கனடிய மானிடவியலாளர் பிறெண்டா பெக் அம்மையார் 1960களில் கொங்கு நாட்டில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் அதனை 26 பகுதிகள் கொண்ட அசைபடமாகவும் ஆக்குவித்தார். கடல் கடந்து வந்த ஒருவர் செய்த அப்பணியை, லயத்து முதியோரிடம் நடந்து சென்றே கேட்கக்கூடிய நாம் செய்யலாகாதா? மாணவர் குறிப்பேடு கொண்டு சென்று கூத்தின் அண்ணாவிமாரிடம் கதையையும் பாட்டையும் கேட்டு எழுதுக. ஆசிரியர் அதனை வகுப்பில் வாசிப்பித்து, அவர் ஆடிய விளையாட்டுக்களோடு ஒப்பிட்டுப் பேசச் செய்க. நாளை ஒரு மலையக இளைஞன் அருக்காணியின் கதையைத் திரையில் ஆடத்தக்கதாக ஆக்க விரும்பினால், மூலம் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். கதை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அடுத்த விடுமுறையிலேயே தொடங்குவது நன்று.