விருந்தாய் வந்த கிடாரி

கோடையில் தீவனம் அருகிய ஊர்களிலிருந்து உறவினர் வீட்டுக் கிடாரியை ஓட்டிவந்து சில மாதம் மேய்த்துக் கொடுப்பது குடியானவர்களிடையே உள்ள வழக்கம். வந்த அன்றே அதனை வீட்டு மாடுகளோடு ஒரே தொழுவிற் கட்டுவதே மரியாதை என்றும், ஒதுக்கிக் கட்டுவது உறவினரை அவமதிப்பதாகும் என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பெருந்தவறாகும்.

முற்காலத்தில் மந்தை மந்தையாய் மாடுகளை மாய்த்த வெக்கை நோய், உலகினின்று ஒழிந்ததாக 2011-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் கோமாரி இன்னும் நீங்கவில்லை. 2019-ல் தோல்கழலை நோயும் இந்தியாவினுள் புகுந்தது. கோமாரி கண்ட மாடு, வாய்ப்புண் வெளிப்படு முன்னரே பிற மாடுகளுக்கு அதனைத் தொற்றுவிக்கக் கூடும். ஆதலால் பார்வைக்குச் சுகமாய்த் தோன்றுவது போதிய அத்தாட்சியன்று.

தடுப்பூசி விவரத்தை முதலில் விசாரித்தறிக. பின்னர் ஒரு மாத காலம், மற்ற மாடுகளைக் காணக்கூடியதும் நெருங்க முடியாததுமான தூரத்தில், நிழலிற் கட்டுக. தொட்டியும் வாளியும் வேறாயிருத்தல் அவசியம். வீட்டு மாடுகளைக் கவனித்த பின்னரே அதனிடம் சென்று, திரும்புகையில் கைகால்களைக் கழுவுதல் வேண்டும். பழகிய வைக்கோலோடு பசுந்தீவனத்தைப் பத்து நாட்களிற் படிப்படியாய்க் கூட்டுக. திடீரென மாற்றினால் வயிறு உப்பும்.

ஒரே கறவையை நம்பிய குடும்பத்தில் அதன் பால் வற்றினால் வீட்டுச் செலவுக்கே முட்டும். புதிதாய் வந்த மாடுகளுக்குப் பொதுத்தொட்டியில் நீர் காட்டாதபடி கிராம அதிகாரிகளும் கவனிப்பாராக. உறவினர் மனங்கோணுவரேல், இவ்வீட்டு மாடுகளின் நோய் அவர்தம் கிடாரிக்கு ஒட்டாதிருக்கவும் இதுவே காவலென எடுத்துரைத்தல் தகும்.