மிட்காரின் பழி யாருடையது?

வீடியோ விளையாட்டில் இலக்கியம் ஏது என்று இகழும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டைச் சடையங்குப்பத்தில் அமர்ந்து ஆடிப் பாருங்கள். மிட்கார் நகரைச் சுற்றி எட்டு உலைகள். பூமியின் உயிராற்றலை உறிஞ்சி மின்சாரமாக்குகிறது ஷின்ரா நிறுவனம். வசதியுள்ளோர் மேல்தட்டில்; ஏழைகள் அத்தட்டின் அடியில், வானம் காணாமல். மணலி ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் இடையே வாழ்வோர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

பாரெட்டின் போராளிக்குழு முதல் உலையைத் தகர்க்கிறது. அப்பாவிகள் சாகிறார்கள். பின்னர் அச்சாவுகளைச் சுட்டி அவனிடமே கேள்வி எழுப்பப்படுகிறது. நியாயமான கோபத்தின் கையிலும் இரத்தம் படியும் என்பதைக் கதை மறைக்கவில்லை.

2020-இல் பெரும் பொருட்செலவில் வந்த மறுஆக்கம் செய்ததென்ன? குழுவின் குண்டு சிறியதாம். உலையைச் சிதறடித்தது ஷின்ராவேயாம்! நாயகர்கள் அதை அறியாது வருந்துகிறார்கள்; ஆடும் நமக்கோ முழு விடுதலை. காட்சியழகும் சண்டைமுறையும் அபாரம், நோபுவோ உயெமட்சுவின் மெட்டுகள் இன்றும் உலுக்குகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பு சில மணி நேரத்தில் கடந்த நகரை ஒரு முழு ஆட்டமாக நீட்டி, காணாமற்போன பூனைகளைத் தேட வைக்கிறார்கள். (பூனைகளிடம் நமக்குப் பகையில்லை.)

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. அத்தகைய கேள்வியை ஆடுபவரின் தோளிலிருந்து இறக்கிவைக்கவா இத்தனை செலவு?