கூரையை மாற்றுமுன் ஒட்டுக் கூரையைப் பாருங்கள்



கணினி இன்று குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. கோயில் வரவு செலவு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, மகளின் திருமண அழைப்பிதழ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தக் கணினிகளில் பல, ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்தில் ஓடி வந்தவை. அதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. ஆகவே பலரும் ‘விண்டோஸ் 11’க்கு மாறுகிறார்கள். மாறுவது நல்லதுதான்.

ஆனால், மாறிய மறுநாளே சிலர் வீட்டில் புலம்பல் தொடங்குகிறது. பிரிண்டர் அச்சடிக்க மறுக்கிறது. திரை நீலமாகி நின்றுவிடுகிறது. தமிழில் தட்டினால் வேறு ஏதோ வருகிறது. “புதுசு சரியில்லை, பழசே தேவலை” என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். பல வேளைகளில் குற்றம் புதியதில் இல்லை. நாம் ஆண்டுக்கணக்காக அதன்மேல் ஒட்டிவைத்த துணை மென்பொருள்களில் இருக்கிறது.

தாமான் வீடுகளில் பின்பக்கம் அடுக்களைக்கு ஒட்டுக் கூரை இறக்குவோம் அல்லவா? அதை வீட்டின் உத்தரத்தில்தான் முடுக்கி வைத்திருப்போம். பிறகு ஒருநாள் வீட்டுக் கூரையை உயர்த்திக் கட்டினால் என்ன ஆகும்? ஒட்டுக் கூரைக்குப் பிடிமானம் போய்விடும். அடுத்த மழையில் அடுக்களை ஒழுகும். கணினியிலும் நடப்பது இதுதான்.

ஏன் இந்த மோதல்?

கடிதம் எழுதும் மென்பொருள், கணக்குப் போடும் மென்பொருள் போன்றவை இயங்குதளத்திடம் முன்வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இவை அதிகம் தொல்லை தருவதில்லை. வைரஸ் தடுப்பு, பிரிண்டரை இயக்கும் டிரைவர், விசைப்பலகையை மாற்றுவது, திரையை அழகுபடுத்துவது போன்றவை அப்படியல்ல. அவற்றில் பல, இயங்குதளத்தின் உள்ளறை வரை சென்று வேலை செய்பவை. உள்ளறையின் அமைப்பு மாறினால் அவை தடுமாறும். சில வேளை வீட்டையே சாய்த்துவிடும்.

2018 ஜனவரியில் இதற்கு ஒரு சான்று கிடைத்தது. கணினிச் சில்லுகளில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டு, அதை அடைக்க மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அனுமதியற்ற வழியில் உள்ளறை நினைவகத்தைத் தொட்டுவந்தன. அவை இருந்த கணினியில் அந்தத் திருத்தத்தை ஏற்றினால் கணினி எழவே எழாது என்ற நிலை. எனவே, “எங்கள் மென்பொருள் இதனோடு ஒத்துப்போகும்” என்று வைரஸ் தடுப்பு நிறுவனம் கணினியில் அடையாளம் இட்ட பிறகே திருத்தத்தை அனுப்பினார்கள். காவலுக்கு வைத்தவனே வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கதை!

2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் ‘24எச்2’ பதிப்பு வந்தபோதும் அப்படித்தான். திரைப் படத்தை மாற்றி அழகு செய்யும் சில சிறு மென்பொருள்கள் அதனோடு மோதின. அவை இருந்த கணினிகளுக்குப் புதிய பதிப்பை அனுப்பாமல் மைக்ரோசாப்டே நிறுத்திவைத்தது. ஆகவே உங்கள் கணினிக்குப் புதிய பதிப்பு இன்னும் வரவில்லையென்றால், யாரோ சொன்ன குறுக்கு வழியில் அதை வலிந்து ஏற்றாதீர்கள். காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கலாம்.

நம் தமிழுக்கு வரும் ஆபத்து

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பிரிண்டர் போனால் வேறொன்று வாங்கலாம். பழைய தமிழ்க் கோப்புகள் போனால் எங்கே வாங்குவது?

கணினியில் தமிழ் வளர்ந்ததில் மலேசியாவுக்குத் தனிப் பங்கு உண்டு. முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை 1985இலேயே உருவாக்கத் தொடங்கினார். அந்நாளில் இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாது. துணை மென்பொருள்தான் அதற்குத் தமிழ் பேசக் கற்றுத்தந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் பல வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை. கோப்புக்குள் இருந்ததோ வெறும் எண்கள். எழுத்துரு என்னும் கண்ணாடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். உலகப் பொதுமுறையான யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸில் அது இயங்குதளத்துக்குள்ளேயே வந்தது. ஆனாலும் பழகிய எழுத்துருவை விட மனமில்லாமல் பலர் அதற்குப் பிறகும் பழைய முறையிலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது? விண்டோஸ் 11, 64 பிட் கணினிக்கு மட்டுமே உரியது. உங்கள் பழைய விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால், அதன் மேலேயே புதியதை ஏற்ற முடியாது. முதலிலிருந்து நிறுவ வேண்டும். அப்போது பழைய எழுத்துருவும் தட்டச்சு மென்பொருளும் போய்விடும். விண்டோஸ் 95க்கும் முந்திய காலத்து 16 பிட் மென்பொருளைத் தேடிப்பிடித்து மீண்டும் நிறுவ முயன்றாலும், 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. பிறகு தாத்தா சொல்லச் சொல்லத் தட்டிவைத்த குடும்ப வரலாற்றைத் திறந்தால், தலையும் வாலும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். “கெட்டுப்போச்சு” என்று அதை அழித்துவிடுவோரும் உண்டு. அழித்துவிடாதீர்கள்! எண்கள் கெடவில்லை, கண்ணாடிதான் காணாமற்போயிற்று.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் கணினியில் உள்ள துணை மென்பொருள்களை எல்லாம் எழுதுங்கள். வைரஸ் தடுப்பு, பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சு, இணைய உலாவியில் சேர்த்தவை எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11க்கு ஏற்ற பதிப்பு இருக்கிறதா என்று அதைத் தயாரித்தவரின் தளத்தில் பாருங்கள். எதற்கென்றே நினைவில்லாதவற்றை நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது, பழைய கணினி நன்றாக ஓடும்போதே தமிழ்க் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, அது எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிடிஎஃப் ஆகவும் ஒரு படி சேமியுங்கள். எழுத்துருவும் உள்ளே பதிந்துவிட்டால், எந்தக் கணினியிலும் அது தமிழாகவே தெரியும். அப்புறம் எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் படியோடு ஒப்பிட்டுப் படித்துப் பாருங்கள். எழுத்துருக் கோப்பையும் மறவாமல் படியெடுங்கள். எல்லாவற்றையும் கணினிக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.

மூன்றாவது, வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு இருந்தால் மாற்றத்துக்கு முன் அதை முறைப்படி நீக்கி, மாற்றம் முடிந்தபின் புதிய பதிப்பை நிறுவுங்கள். இடைப்பட்ட நேரத்துக்கு விண்டோஸிலேயே உள்ள பாதுகாப்பு போதும். காவலர் இருவரை ஒரே வாசலில் நிறுத்தினால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

நான்காவது, இத்தனைக்குப் பிறகும் தகராறு வந்தால் பதற வேண்டாம். கணினியோடு சேர்ந்து தொடங்கும் துணை மென்பொருள்களை எல்லாம் நிறுத்திப் பாருங்கள். தகராறு நின்றால், பாதியை மட்டும் இயக்குங்கள். மீண்டும் வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஆள் அகப்படுவான். 1990களில் மெக்கின்டாஷ் கணினி வைத்திருந்தவர்கள் இதே வழியில்தான் துப்புத் துலக்கினார்கள்.

எதுவும் சரிப்படவில்லை என்றால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனால், அந்தக் கதவு 10 நாள்தான் திறந்திருக்கும். பழையதன்மேல் புதியதை ஏற்றியவர்களுக்கே அந்த வசதி. முதலிலிருந்து நிறுவியவர்களுக்கு இல்லை. அந்த 10 நாளுக்குள், இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளைத் துடைத்துவிட்டால் திரும்பும் வழியும் அடைபட்டுவிடும். ஆகவே மாறிய முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.

கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். “ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்பா” என்பார்கள். அழுத்தத்தான் போகிறோம். அதற்கு முன், அந்தப் பழைய தமிழ்க் கோப்புகளை அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து காட்டுங்கள். எதைக் காப்பாற்றுகிறோம் என்பது அவர்களுக்கும் தெரியட்டும். ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே குடும்பத்துக்கு அழகு!