கோட்டுக்கு வெளியே கலர் அடிச்சா தப்பா?

1/ "டாக்டர், இவன் கோட்டுக்கு வெளியவே கலர் அடிக்கிறான். மிஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க. ஏதாவது பிரச்சினையா?" 4 வயசுப் பையனோட வந்த அம்மா கேட்டாங்க. நிறைய பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கு. அதான் இந்த இழை.

2/ பிரச்சினை இல்லை. பொதுவா ஒன்றரை வயசுல கிறுக்கல், 3ல வட்டம், 4ல கூட்டல் குறி, 5ல முக்கோணம். 4 வயசுல மனுஷன் வரைஞ்சா தலையிலிருந்தே கால் முளைக்கும், உடம்பே இருக்காது. அந்த வயசுப் படம் அப்படித்தான்.

3/ "தம்பி பொறந்ததுல இருந்து என்னை யாரும் கவனிக்கல"ன்னு சொல்ல அந்த வயசுல வார்த்தை வராது. வயிறு வலிக்குதுன்னு சொல்லும், அடம் பிடிக்கும். இல்லைன்னா வரையும், களிமண் பிசையும், பொம்மைகிட்ட பேசும்.

4/ போர்க்காலத்தில், 1996ல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கினாங்க. போரைப் பார்த்த தமிழ், முஸ்லிம் குழந்தைகள் அங்கே ஒண்ணா வரைஞ்சாங்க, களிமண்ணில் உருவம் செஞ்சாங்க, கதை சொன்னாங்க. 2019ல உலக சுகாதார நிறுவனமும் 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்கு உண்டுன்னு அறிக்கை வெளியிட்டது.

5/ நாம என்ன செய்றோம்? "யானை பச்சையாவா இருக்கும்?"னு ரப்பரால அழிக்கிறோம். போட்டியில பரிசு வரலைன்னா நம்ம முகம் வாடுது. மனசுல இருக்கறதைக் காட்டினா மார்க் போடுவாங்கன்னு குழந்தை புரிஞ்சுக்குது. அப்புறம் காட்டறதை நிறுத்திடுது.

6/ பதிலா இதைச் செய்ங்க:
• "என்னது இது?"ன்னு கேக்காம, "இதைப் பத்திச் சொல்லேன்"னு கேளுங்க.
• திருத்தாதீங்க.
• காலண்டர் தாளின் பின்பக்கம், சாக்பீஸ், சப்பாத்தி மாவு போதும்.
• தினம் 15 நிமிஷம் போனை வெச்சிட்டுப் பக்கத்துல உட்காருங்க.

7/ கறுப்பு கலர் அடிச்சா மனநோய்னு வர்ற வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்பாதீங்க. ஒரு படத்தை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஆனா தூக்கம் கெடுது, விளையாட மாட்டேங்குது, நின்னுபோன படுக்கையில சிறுநீர் திரும்ப வருதுன்னு 2 வாரம் தொடர்ந்தா டாக்டரைப் பாருங்க. இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் 14416க்கு இலவசமா பேசலாம்.

8/ அந்தப் பையனுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்தேன். பெரிய தலை, நீளமா ரெண்டு கால். "யாருப்பா இது?" "அம்மா. ஆபீஸ் போறாங்க."

அந்த அம்மா படத்தை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டாங்க. கோட்டைப் பத்தி அப்புறம் கேக்கவே இல்லை.