ஊருக்குத் திரும்புகிறோம், எந்த ஊருக்கு?

பிள்ளை பிறந்ததும் நகரத்தை விட்டு ஊரோடு போய்விட வேண்டும் என்று பேசுகிறவர்கள் நம் தோழர்களிலும் அதிகமாகிவிட்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கழுத்தை நெரிக்கும் வாடகை, பிள்ளைக்கு ஓயாத சளி, இருமல். ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து படித்து வெளியேறிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. பிளாஸ்டிக் இல்லாமல், பூச்சிமருந்து கலக்காத சோறு தின்று, மண்ணில் விளையாடி வளரட்டும் என்கிறார்கள். நியாயமான ஆசை. மண்ணில் விளையாட நம் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு.

ஆனால் இயற்கை வாழ்வு பற்றிக் காணொளி போடுகிறவர்கள் 'ஊர்' என்ற சொல்லை ஏதோ ஒரே இடத்தின் பெயர் போலச் சொல்கிறார்கள். ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குத் தெரியும். திருவண்ணாமலைப் பக்கம் நிலம் வாங்கி மண் வீடு கட்டும் நகரத்துக் குடும்பம் வந்திறங்கும் கிராமமும், நம் தோழர் கைக்குழந்தையோடு திரும்பிப் போகும் கிராமமும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஒன்றாகவே இருக்கலாம். பேருந்தை விட்டு இறங்கியதும் அவர்கள் ஒரு பக்கம் நடப்பார்கள், இவர் ஒரு பக்கம் நடப்பார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், அது கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்றார். அன்று காந்தியர்களுக்குச் சுட்டது. இன்று இயற்கை ஆர்வலர்களுக்குச் சுடுகிறது.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் குழந்தையின் இடுப்புத் துணியிலிருந்து தொடங்குவோம்.

டயப்பர் மக்காது, துணி கட்டுங்கள் என்பது அறிவுரை. சரிதான். கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டுத் துணியாவது ஆகும். மலத்துணியை முதலில் அலச வேண்டும், சோப்புப் போட வேண்டும், மறுபடி இரண்டு தண்ணீரில் அலச வேண்டும். சிக்கனமாகச் செய்தாலும் மூன்று, நான்கு குடம் போய்விடும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறது. பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் நான்கு குடத்துக்கும் குறைவு. ஆக, குழந்தையின் துணிக்கு மட்டும் ஒரு ஆளின் முழுப் பங்கும் தீர்ந்துபோகிறது. அந்த 55 லிட்டர் காலனிக் குழாயில் நிஜமாகவே வந்தால்தான் இந்தக் கணக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் தெருவில், கூலி வேலைக்குப் போகும் தாய் டயப்பரை வாங்கினால் அது சோம்பேறித்தனமா?

"பாட்டி காலத்தில் டயப்பரா இருந்தது?" என்று கேட்பார்கள். நானும் கேட்கிறேன், பாட்டி காலத்தில் அந்தத் துணியை யார் துவைத்தார்கள்? பிரசவத் துணி, மாதவிலக்குத் துணி, குழந்தையின் மலத்துணி எல்லாம் தீட்டுத் துணி என்று ஒதுக்கப்பட்டு, வண்ணார் பெண்களின் தலையில் மூட்டையாக ஏற்றப்பட்டன. சேரியின் துணியை வெளுக்க, தலித்துகளுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார்கள். கூலி என்பது வாசலில் கிடைத்த சோறும் அறுவடையில் அளந்த சில மரக்கால் தானியமும். இந்தக் கணக்கில் நாம் எல்லோருமே பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்; புதிரை வண்ணார் வீட்டு வாசலில் நின்று அதிகாரம் செய்த குரல் நம் சேரியிலிருந்தும் போனது. பழைய கிராமத்தின் குப்பையில்லா வாழ்வு என்று இன்று வியக்கப்படுவதன் கணிசமான பகுதி, சாதி சுமத்திய ஓசி உழைப்பு. கமண்டல நாகநதியில் துவைத்த காலம் திரும்பட்டும் என்பவர்களுக்கு இன்னொரு தகவலும் உண்டு. ஜவ்வாது மலையில் பிறந்து ஆரணியைத் தொட்டு ஓடும் அந்த ஆற்றில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும்.

டயப்பருக்கே வருவோம். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரையும் நாப்கினையும் சுற்றிப் போடுவதற்கான உறையை உற்பத்தியாளர்களே தர வேண்டும் என்று சொல்லியிருந்தன. எத்தனை பாக்கெட்டில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? திறந்தபடி வீசப்படும் அதைக் கையால் பிரித்தெடுப்பவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கழிவறையில் போட்டால் அடைத்துக்கொண்டு செப்டிக் டேங்க் வரை போகும். டேங்கைத் திறந்து இறங்குகிறவர் யார் என்பதும் தெரியும். கழிவுநீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை கூடியிருக்கிறது. ஆள் இறங்குவது நிற்கவில்லை. ஆகவே துணிக்கும் டயப்பருக்கும் நடுவே ஒரு தாயை நிறுத்தி, பூமியைக் காப்பாற்று என்று கேட்பது அயோக்கியத்தனம். ஒன்றில் அவள் முதுகு ஒடிகிறது, இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரி கை நாறுகிறது. கம்பெனிக்காரர் மட்டும் இரண்டிலும் வருவதில்லை.

மண் அடுப்பு, விறகுச் சமையல் என்ற மோகமும் இப்படித்தான். வாரத்தில் ஒரு நாள் தோட்டத்தில் மூட்டும் அடுப்பு வேறு, ஒற்றை அறை வீட்டில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் ஊதும் அடுப்பு வேறு. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சிலிண்டர் விலைக்குப் பயந்து விறகுக்குத் திரும்பும் வீட்டைப் பார்த்து 'பாரம்பரியம்' என்று மெச்சாதீர்கள்.

அடுத்து, ஆரணிக்கே உரிய ஒரு விஷயம். கைத்தறிப் பட்டு இப்போது சூழலுக்கு உகந்த துணியாக விற்கப்படுகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. தறிக்கு மின்சாரம் வேண்டாம், பட்டு மக்கும் என்பதெல்லாம் உண்மை. சோப்பும் சோடாவும் போட்டு நூலைக் கொதிக்க வைத்துப் பசை நீக்குவதும், சாயத் தொட்டியின் ஆவியும், வெளியே ஓடும் சாயத் தண்ணீரும் அந்த விளம்பரத்தில் வராது. தறி நெய்யும் வீட்டில் தறி இருக்கும் இடம்தான் குடித்தனமும். குழித்தறிக்குப் பக்கத்திலேயே தூளி ஆடும். கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளை தார் சுற்ற உட்காரும்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம். குழந்தையைப் பள்ளியில் அடைக்காதீர்கள், கைத்தொழிலோடு இயற்கையாகக் கற்கட்டும் என்று ஒரு போதனை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலமும் சொத்தும் கையில் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பரிசோதனை. சரிப்படாவிட்டால் அடுத்த ஜூனில் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். நம் பிள்ளைக்கு அந்த 'அடுத்த ஜூன்' கிடையாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் இதே அழகான வார்த்தைகளில்தான் வந்தது: தினமும் மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடு அதைத் துரத்தியது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களில் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பேசியது. அவர்களில் பெரும்பாலோர் தலித், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவுக்கு இயற்கைக் கல்வி என்று பச்சை வர்ணம் பூச நாம் தூரிகை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நிலம் பற்றிச் சொல்லாமல் இயற்கை விவசாயம் பற்றிப் பேச முடியாது. பஞ்சகவ்யம் தெளிக்க முதலில் வயல் வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நஞ்சில்லா உணவு பற்றி வகுப்பெடுக்கும் மேடைகளில் இந்த இரண்டு பெயர்களை நான் கேட்டதில்லை.

தண்ணீரில் நஞ்சு என்பது நமக்கு வேறு பொருளும் தரும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட பிறகுதான், மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்தது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட மக்களிலேயே மூன்று பேரைக் குற்றவாளியாக்கியது; தலித் இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. குழந்தைக்கு எந்தத் தண்ணீர் நல்லது, செம்புப் பாத்திரமா மண்பானையா என்று விவாதிக்கிறவர்கள் இந்த நூறு ஆண்டுகளையும் கொஞ்சம் படிக்கலாம்.

அப்படியானால் போகவே கூடாதா? போங்கள். பாட்டி, தாத்தாவோடு பிள்ளை வளர்வது பெரிய விஷயம். படித்தவர்கள் திரும்பி வருவது சேரிக்கும் பலம். ஆனால் உங்கள் ஒரு வீட்டைப் பசுமையாக்கிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் தாய் பேம்பர்ஸ் வாங்குவதைத் திருத்தப் போக வேண்டாம். அவள் தெருவுக்குக் குழாய் வரும் நேரத்தைத் திருத்தப் போங்கள். தோழர்களில் ஆண்களுக்குத் தனியாக ஒன்று. துணி கட்டுவது என்று முடிவெடுத்தால், துவைப்பது யார் என்பதையும் அன்றைக்கே முடிவெடுங்கள். இயற்கை வாழ்வு என்று கிளம்பிய பல வீடுகளில் இயற்கை முழுவதும் பெண்ணின் தலையில்தான் விடிகிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குக் கையில் ஒரு தாளோடு போங்கள். ஊர்த் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், காலனிக்கு எத்தனை மணி நேரம், தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதியில், கழுவியவருக்குக் கையுறை கொடுத்தார்களா, அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது, காலனிப் பிள்ளைகள் அங்கே நடந்து போக முடிகிறதா. கேட்டதையும் சொன்ன பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுத மறுத்ததை ஒரு தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, ஆரணி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.