எந்தத் தெரு யாருக்குப் போட்டது?

உள்ளாட்சித் தேர்தலை ஓட்டு மெஷினில் நடத்துவதா, சீட்டில் நடத்துவதா என்று பேச்சு எழும்போதெல்லாம் ஆண்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மெஷின்ல தில்லுமுல்லு பண்ண முடியுமா?" அதை டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் அலசட்டும். கிராமத்துப் பெண்களான நமக்கு வேறொரு கவலை இருக்கிறது சகோதரிகளே.

எனக்கு மெஷின் மீது வெறுப்பில்லை. 1982-ல் கேரளாவில் பரவூரில் முதன்முதலாக 50 சாவடிகளில் வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் மறு ஓட்டுப்பதிவுக்கு உத்தரவிட்டது. பிறகு சட்டம் திருத்தி, 2001 சட்டசபைத் தேர்தலில் புதுவை முழுக்க வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர் ஆயாக்கள்கூட சின்னத்தைப் பார்த்து நீலப் பொத்தானை அழுத்தி, 'பீப்' கேட்ட பிறகுதான் நகர்கிறார்கள். மை பட்டு ஓட்டு செல்லாமல் போகும் தொல்லை ஒழிந்தது. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2019 ஊரகத் தேர்தலுக்கு கலர் கலராக 4 சீட்டு கொடுத்து, விடிய விடிய எண்ணினார்களே!

என் கவலையே எண்ணும் இடத்தில்தான். சீட்டு என்றால் பல பெட்டிகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ண வழியுண்டு. மெஷினில் ஒவ்வொரு சாவடிக்கும் கணக்கு தனியாக வருகிறது. ஏஜெண்டுகள் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். எம்.எல்.ஏ. தேர்தல் ஒன்று முடிந்த மறுநாள் எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர், "உங்க பூத்துல எங்களுக்கு எவ்ளோ விழுந்துதுன்னு கணக்கு கையில இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எம்.எல்.ஏ.வாவது எப்போதாவது வருகிறவர். பஞ்சாயத்துத் தலைவர் நம் ஊரிலேயே இருப்பவர். குழாய் பழுது, தெருவிளக்கு, சாக்கடை எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். 'அந்தத் தெரு நமக்குப் போடலை' என்று அவர் மனதில் விழுந்துவிட்டால், குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பது யார்? ஓட்டுக் கணக்கு எழுதிய ஆம்பளையா நடக்கிறார்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பல மெஷின்களை இணைத்து மொத்தக் கூட்டலை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவிக்கு தேர்தல் கமிஷன் 2008-லேயே அனுமதி கேட்டது. சட்டக் கமிஷனும் 2015-ல் பரிந்துரை செய்தது. கட்சிக்காரர்களுக்குத் தெருக் கணக்கு தெரியாமல் தூக்கம் வராது போலும், அது அப்படியே கிடக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். தலைவர் பதவிக்கும் கொம்யூன் உறுப்பினர் பதவிக்குமாவது சாவடிகளைக் கூட்டிச் சொல்ல அவர்கள் வழி செய்யவேண்டும். வார்டு உறுப்பினருக்கு ஒரே சாவடி என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

"பூத் கணக்கு தெரிஞ்சாத்தானே தப்பு நடந்தா பிடிக்கலாம்?" என்கிறார் என் வீட்டுக்காரர். நியாயம்தான். பதிவான மொத்த ஓட்டை சாவடிவாரியாக எழுதிக் கொடுக்கட்டும். யாருக்கு எத்தனை என்பதை வழக்கு வந்தால் கோர்ட் திறந்து பார்க்கட்டும்.

'முதலில் தேர்தல் வரட்டும், அப்புறம் மெஷினைப் பார்க்கலாம்' என்பீர்கள். 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-ல்தான் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021 அக்டோபருக்கு அறிவித்ததும் நின்றுபோனது. அதனால்தான் இப்போதே கேட்டு வைக்கிறேன்.

இன்னொன்று. கிராமத்தில் ஒருவருக்கு 3 ஓட்டு. கேரளாவில் 3 பதவிக்கு 3 மெஷினை வரிசையாக வைத்து, மூன்றையும் அழுத்தினால்தான் நீளமான 'பீப்' வரும்படி செய்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி வைப்பதாக இருந்தால், செய்து காட்டும் மெஷினை கொம்யூன் ஆபீசில் பகல் 11 மணிக்கு வைத்துவிட்டுப் போகவேண்டாம். அந்நேரம் நாம் வயலில் நிற்போம். மகளிர் குழுக் கூட்டத்துக்கும், விடியற்காலை பால் சொசைட்டி வாசலுக்கும் கொண்டு வாருங்கள். ஒன்றை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிட்டால் மற்ற இரண்டு ஓட்டும் போச்சு.

- ஒரு வாசகி, கரியமாணிக்கம்