மூடையை யார் திருப்புவது?

போன மாதம் சென்னையிலிருந்து என் பேத்தி கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனில் அவளுக்கு வேலை. நீளமான பெல்ட் ஒன்று ஓடுகிறது. அட்டைப்பெட்டிகள் கோணலும் மாணலுமாக அதில் வருகின்றன. ஓரிடத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு பெட்டியும் தானாகத் திரும்பி, நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகப் போகிறது. யாரும் கை வைக்கவில்லை. "தாத்தா, பெட்டி எப்படித் திரும்புது பாத்தீங்களா!" என்று கீழே எழுதியிருந்தாள்.

நாலைந்து முறை பார்த்தேன். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கோ ஒரு லோடுமேனின் கழுத்து ஞாபகம் வந்தது. அந்தக் கழுத்தைப் பற்றி இத்தனை வருடமாக நான் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்திலும் எழுதவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் பெட்டி எப்படித் திரும்புகிறது என்று சொல்லிவிடுகிறேன். பேத்தியிடம் போன் போட்டுக் கேட்டேன். பெல்ட் என்று நாம் பார்ப்பது அந்த இடத்தில் ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்று வேகமாக ஓடும், இன்னொன்று மெதுவாக ஓடும். இரண்டின் மேலும் பாதிப்பாதியாக உட்கார்ந்திருக்கும் பெட்டியின் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும். பெட்டி திரும்பிவிடும்.

குறுக்குத்துறையில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தென்னை மட்டை ஒன்று ஆற்றில் குறுக்காக மிதந்து வரும். கரையோரம் தண்ணீர் மெதுவாகப் போகும், நடு ஆற்றில் இழுப்பு அதிகம். நடுவில் இருக்கும் முனை முந்திக்கொள்ள, மட்டை மெல்லத் திரும்பி ஆற்றோடு போகும். தாமிரபரணி காலங்காலமாகச் செய்யும் வேலையைத்தான் அந்த இரண்டு பெல்ட்டும் செய்கின்றன.

வேறு வழிகளும் உண்டாம். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கம்பத்தை நட்டுவைத்தால், வருகிற பெட்டியின் மூலை அதில் முட்டிச் சுற்றிக்கொள்ளும். சாய்வாகப் பொருத்திய உருளைகளின் மேல் ஓடவிட்டால், பெட்டி தானே ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி நேராகிவிடும். இவ்வளவு பாடும் எதற்கு? அடுத்து நிற்கிற இயந்திரத்துக்குப் பெட்டி சரியான திசையில் வர வேண்டும். கோணலாக வந்தால் வழியில் சிக்கும், ஒட்டியிருக்கும் கோடுபோட்ட சீட்டைக் கருவியால் படிக்க முடியாது. ஆக, இயந்திரத்துக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடு. மனிதனுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று இப்படி யாராவது யோசித்தார்களா? இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா தவறிய பிறகு அம்மாவின் ஊரான பாளையங்கோட்டைக்கு வந்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, 1973-ல் உணவுப்பொருள் வழங்கல் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், சிமெண்ட் எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். அன்றைக்கு சிமெண்ட் கடையில் போய் வாங்குகிற சரக்கு இல்லை. பத்து மூடை வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். 1949-லிருந்து சிமெண்ட் தயாராகும் தாழையூத்து சங்கர்நகர் ஆலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்க, கக்கூஸ் கட்ட நாலு மூடைக்கு மனுவோடு நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-ல் முழுவதும் போனது.

என் வேலை எண்ணுவது. லாரியிலிருந்து இறங்கும் மூடைகளை வாசலில் நின்று எண்ணி ஏட்டில் எழுதுவேன். சிமெண்ட் மூடை 50 கிலோ. அரிசி அப்போது 100 கிலோ சணல் சாக்கில் வரும். லாரியின் மேல் இரண்டு பேர் நின்று மூடையைத் தூக்கி, கீழே நிற்பவரின் முதுகிலும் பிடரியிலுமாக வைப்பார்கள். சும்மாடு ஒன்றுதான் பாதுகாப்பு. அவர் பலகையில் ஏறி உள்ளே போய் அட்டி போடுவார்.

அட்டி போடுவது சும்மா குவிப்பது இல்லை. கொத்தனார் செங்கலை நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக வைத்துக் கட்டுவது போல, மூடையையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஒரே வாக்கில் அடுக்கினால் அட்டி சரிந்துவிடும். நீளவாக்கு மூடையை முதுகிலிருந்து நேராக இறக்கிவிடலாம். குறுக்குவாக்கு மூடைக்கு ஆள் திரும்ப வேண்டும். இடம் இல்லாத இடுக்கில் கால் திரும்பாது, இடுப்பும் கழுத்தும்தான் திரும்பும், பிடரியில் 100 கிலோவோடு.

அங்கே என்னைவிடப் பதினைந்து வயது மூத்த லோடுமேன் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார். ஒருநாள் டீ குடிக்கையில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நீள மூடைக்கு ஒண்ணும் இல்ல சார். குறுக்கு மூடைதான் கழுத்தத் திருவுது."

1978-ல் ஒரு சாயங்காலம், எந்தக் குடோன் என்பது வேண்டாம், அட்டியின் எட்டாவது வரிசையில் குறுக்கு மூடையை வைக்கத் திரும்பினார். பலகை வழுக்கியது. மூடையோடு விழுந்தார். மூடை கிழிந்து அரிசி கொட்டியது. அவரை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிறகு நான் கொட்டிய அரிசியைக் கூட்டி அள்ளச் சொல்லி, எடை போட்டு, ஏட்டில் எழுதினேன்: "கையாள்கையில் சேதம், ஒரு மூடை, எடைக்குறைவு 6 கிலோ."

ஆளைப் பற்றி எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை. அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். என் தமிழில் எப்போதும் சிவப்பு மையால் பிழை திருத்தும் மேலாளர் அன்று ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுபடி மூடை தூக்கவில்லை. பெட்டிக்கடை போட்டார். "அண்ணாச்சி" என்று பக்கத்திலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார். உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பார்.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, வயதுவந்த ஓர் ஆண் சுமக்கும் அதிகபட்ச எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எங்கள் சாக்கு அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, பிறகு நல வாரியங்கள் வந்தன. அரிசி மூடை 50 கிலோவானது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூடை 40 கிலோ. நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரியில் 200 சிமெண்ட் மூடை என்றால் 10 டன். நாலு பேர் இறக்கினால் ஒருவர் பங்கு இரண்டரை டன். ஒருநாளில் இரண்டு லாரி வந்தால் ஐந்து டன். எடையைக் குறைத்தோம், திருப்புவதைக் குறைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு உறவுக்காரப் பையன் ஒருவன் தான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையைக் காட்டினான். பேக்கிங் மெஷின் வட்டமாகச் சுற்றுகிறது. அதன் குழாயில் காலிப் பையை மாட்டினால், 50 கிலோ நிறைந்ததும் பை தானே கழன்று பெல்ட்டில் விழுகிறது. மூலையில் இருக்கும் வாய் உள்ளே நிறைந்த சிமெண்ட்டின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்கிறது. நின்றபடி விழும் மூடையைப் படுக்க வைத்து, ஓர் உருளை தட்டிச் சமமாக்குகிறது. பிறகு அட்டி போடும் மெஷின். ஒரு வரிசைக்கு ஐந்து மூடை. இரண்டு நீளவாக்கில், மூன்று குறுக்குவாக்கில். அடுத்த வரிசையில் அதையே மாற்றிப் போடுகிறது. எந்த மூடையைத் திருப்ப வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. அண்ணாச்சியின் குறுக்கு மூடையை அங்கே ஓர் இரும்புக் கை திருப்பிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பையன் எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பெரிய ஆலைக்கும் பெரிய கம்பெனிக்கும் இது வந்துவிட்டது. அந்த ஆலை வாசலைத் தாண்டி லாரி கிளம்பியதும் என்ன ஆகிறது? நம் ஊர் சிமெண்ட் கடையில், ரேஷன் குடோனில், உர டிப்போவில், பிசான அறுப்பு முடிந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் நெல் பிடிக்கும் இடங்களில் போய்ப் பாருங்கள். மெஷின் மரியாதையாகத் திருப்பி வைத்த அதே மூடையை ஒரு மனிதன் பிடரியில் வாங்கித் திரும்புகிறான். இப்போது அது பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்த பையன். அவன் கழுத்து என்ன ஆயிற்று என்று அவன் ஊரில்தான் தெரியும்.

என் கட்டுரையை முன்கூட்டியே வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்க வரும் நண்பரிடம் சொன்னேன். சங்கத்தில் இருந்தவர். "பெல்ட்டக் கொண்டாந்தா பத்துப் பேரு சோறு போவும்வே. நீரு பென்ஷன் வாங்கிட்டுப் பேசுதீரு" என்றார். அவர் கோபம் நியாயம். பத்துப் பேர் நின்ற இடத்தில் ஆறு பேர் போதும் என்று முதலாளி சொல்லத்தான் செய்வார். ஆனால் அந்த வேலைக்குத் தன் மகனை அனுப்பிய லோடுமேன் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நண்பரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. மகனை அனுப்ப மனம் வராத ஒரு வேலையை, சோறு போகும் என்று சொல்லி அப்படியே காப்பாற்றி வைப்பது நியாயமா?

நான் கேட்பது பெரிய மெஷின் இல்லை. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சாய்வு பெல்ட்டுகள் இருக்கின்றன. மூடையை அட்டியின் உயரத்துக்கு அவை ஏற்றிவிடும். அதன் தலைப்பில் மூடையைத் திருப்பிவிட ஒரு கம்பமோ சுழல் தட்டோ பொருத்திவிட்டால், மேலே நிற்பவர் இழுத்து வைத்தால் போதும். நூறு மூடைக்கு மேல் அடுக்கும் ஒவ்வொரு குடோனிலும் இது கட்டாயம் இருக்க வேண்டும். பெல்ட் வந்தது என்று மூடைக் கூலியைக் குறைக்கக் கூடாது, டன் கணக்கில் முன்பு கொடுத்ததையே இருக்கிற ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் லோடுமேனே பெல்ட்டைக் கேட்பார்.

இன்னொன்று, சிமெண்ட் மூடையின் எடை. பிரான்சில் குடியேறிய என் பள்ளித்தோழன் வீடு கட்டும்போது 35 கிலோ மூடை வாங்கினான், 25 கிலோவிலும் கிடைக்கிறது என்றான். சிறுவயதில் நாங்கள் படித்தபோது அங்கேயும் 50 கிலோதான். அவர்கள் வீடுகள் இடிந்து விழுந்துவிடவில்லை.

பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, 'சான்ஸ்' என்று மூக்கால் சொல்ல வேண்டும். திசைக்கும் அதுதான், அர்த்தத்துக்கும் அதுதான். ஏன் இரண்டுக்கும் ஒரே சொல் என்று வாத்தியாரிடம் கேட்டு அடி வாங்கினேன். மூடை எந்தத் திசையில் வருகிறது என்பதில் ஒரு மனிதனின் மீதி வாழ்க்கையே இருக்கிறது என்பது அண்ணாச்சியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பேத்திக்கு மறுபடி போன் போட்டேன். "பெட்டி திரும்புற இடத்தக் காட்டினே. பெல்ட் முடியுற இடத்துல யாரும்மா நிக்கிறாங்க?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு அண்ணன்மார் நிக்கிறாங்க தாத்தா. லாரிக்குள்ள அடுக்குறாங்க" என்றாள். பெட்டி எவ்வளவு உயரத்தில் வந்து சேர்கிறது, இடுப்புக்கா, முழங்காலுக்கா என்று கேட்டேன். அவள் கவனித்ததில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

சொன்னதும் எழுதுகிறேன்.